எலும்புப் புற்றில் மரபணு சொல்வது எவ்வளவு?

முழங்காலுக்கு மேலே வீக்கத்தோடு ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையை மஹரகம அபேக்‌ஷா வைத்தியசாலைக்குக் கூட்டிவரும் பெற்றோருக்கு, பயொப்ஸி முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரே கேள்விதான்: பிள்ளை தப்புமா? முன்பு அந்தக் கேள்வியை டொக்டரிடம் மட்டும் கேட்டார்கள். இப்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பல வீடுகளுக்கு லண்டனிலோ டொரொண்டோவிலோ ஓர் உறவு உண்டு. அங்கே கட்டியின் மரபணுவைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுகிறார்களாம் என்று இரவோடிரவாகக் கைபேசியில் செய்தி வந்துவிடும். அடுத்த கிளினிக்கில் தாய் கேட்கிறார்: "டொக்டர், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம். இந்த ஜீன் டெஸ்ட் ஒண்டைச் செய்தால் பிள்ளைக்குச் சுகம் வருமா வராதா எண்டு தெரியுமாமே?"

இந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி தரும் பதிலைத் தொகுத்துப் பார்ப்பதே இங்கே நோக்கம். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டி என்ன வகை என்பதை மரபணு மிக நன்றாகச் சொல்கிறது. இது குடும்பத்தில் ஓடும் நோயா என்பதைச் சிலருக்குத் தெளிவாகச் சொல்கிறது. பிள்ளை தப்புமா என்பதை இன்னும் அரைகுறையாகத்தான் சொல்கிறது. கடைசி ஐந்தாறு ஆண்டுகளில் அந்த மூன்றாவது இடத்திலும் அசைவு தெரிகிறது. ஆனால் கொழும்பில் குடும்பங்கள் நகையை அடகு வைத்துப் பணம் கட்டத் துணிவது அந்த மூன்றாவதுக்காகத்தான்.

எலும்பில் தோன்றும் புற்றுகளில் பிள்ளைகளையும் இளைஞர்களையும் அதிகம் பிடிப்பது ஒஸ்டியோசார்கோமா. எலும்பு விறுவிறுவென நீளும் வயதில், தொடை எலும்பின் கீழ்முனை, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்முனை, தோளுக்கு அருகே கை எலும்பு ஆகிய இடங்களில் கூடுதலாக வரும். உலக அளவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மூன்று அல்லது நான்கு பேர் என்ற கணக்கு. சுமார் 2 கோடி 20 லட்சம் பேர் வாழும் இலங்கைக்கு அதைப் பொருத்தினால் ஆண்டுக்கு 65க்கும் 90க்கும் இடையில் வரும். இரண்டாவது வகையான யூவிங் சார்கோமா அதைவிடவும் அரிது. இந்த அரிதான தன்மையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

1970 வரை ஒஸ்டியோசார்கோமாவுக்கு வைத்தியம் காலைத் துண்டிப்பதுதான். துண்டித்தும் ஐந்தில் ஒருவரே தப்பினார். மற்றவர்களுக்குச் சில மாதங்களில் நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன. சத்திரசிகிச்சைக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத புற்றுக்கலங்கள் நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தன என்பதுதான் இதன் பொருள். 1970களின் தொடக்கத்தில் பொஸ்டனில் நோர்மன் ஜாஃப் பெரிய அளவில் மெதொட்ரெக்ஸேட் கொடுக்கத் தொடங்கினார். டொக்சோரூபிசினும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்தன. இந்த மருந்துகள் உண்மையிலேயே உயிர் காக்கின்றனவா என்ற சந்தேகத்தை 1986இல் வெளியான ஒரு சிறு ஆய்வு தீர்த்தது. அதில் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் 36 பேர்தான். சத்திரசிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 சதவீதம்; கீமோவும் பெற்றவர்களில் 66 சதவீதம்.

அன்றிலிருந்து இன்றுவரை, நோய் வேறிடம் பரவாத நிலையில் வரும் பிள்ளைகளில் 60 முதல் 70 சதவீதம் பேர் தப்புகிறார்கள். நுரையீரலில் ஏற்கெனவே கட்டி தெரிந்தால் அது 20, 30 சதவீதமாக இறங்கிவிடும். டொரொண்டோவில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் டெரி ஃபொக்ஸ் பெயரில் ஓடுகிறார்கள். அவருடைய நோயும் இதுவே. 1977இல் 18 வயதில் வலக்காலை இழந்து, 1980இல் செயற்கைக் காலோடு கனடாவைக் குறுக்காக ஓடத் தொடங்கியவரை, நுரையீரலுக்குப் பரவிய நோய் 1981இல் கொண்டுபோனது. அந்த மருந்துகளைத் தாண்டி இந்த நோயில் பெரிய முன்னேற்றம் நாற்பது ஆண்டுகளாக வரவில்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. மரபணுக் குறிகளைத் தேடி இத்தனை பேர் அலைவதற்கும் அந்தத் தேக்கம்தான் காரணம்.

மரபணுவுக்கு முன்பே சில குறிகள் இருந்தன, இன்றும் முன்னிலையில் இருப்பவை அவையே. நுரையீரல் சீ.டி. ஸ்கேனில் கட்டி தெரிகிறதா, கட்டி கை காலில் இருக்கிறதா அல்லது இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் இருக்கிறதா, எவ்வளவு பெரிது, முழுதாக அகற்ற முடிந்ததா, இரத்தத்தில் அல்கலைன் பொஸ்பட்டேஸ் கூடியிருக்கிறதா. கடைசியாகச் சொன்னதை எந்தச் சிறு ஆய்வுகூடத்திலும் சில நூறு ரூபாய்க்குப் பார்த்துவிடலாம்.

இவற்றோடு இன்னொன்று உண்டு. அதைச் செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். சுமார் பத்து வாரக் கீமோவுக்குப் பிறகு கட்டி உள்ள எலும்புத் துண்டை அகற்றுவார்கள். நோயியல் வைத்தியர் அதை வாளால் நெடுக்காக அறுத்து நடுவிலிருந்து ஒரு பலகை எடுப்பார். அந்தப் பலகையைப் படம் பிடித்து, படத்தின் மேல் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இலக்கம் கொடுத்துத் தனித்தனியாக நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். எத்தனை இடத்தில் புற்றுக்கலம் செத்துக் கிடக்கிறது, எத்தனை இடத்தில் உயிரோடு இருக்கிறது என்று கூட்டிக் கணக்கிடுவார். 90 சதவீதமோ அதற்கு மேலோ செத்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது. நியூயோர்க்கில் ஆண்ட்ரூ ஹூவோஸ் ஒழுங்குபடுத்திய இந்தக் கணக்கு, இன்றைய எந்த மரபணுப் பரிசோதனையை விடவும் அதிகமாக ஒஸ்டியோசார்கோமாவின் போக்கைச் சொல்கிறது. ஓர் அறுவை வாள், ஒரு நுணுக்குக்காட்டி, பொறுமையான ஒரு மனிதர் போதும்.

இதில் ஒரு வேதனையும் இருக்கிறது. மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்த பிள்ளைகளுக்கு இன்னும் கடுமையான மருந்து கொடுத்தால் என்ன? 17 நாடுகள் சேர்ந்து 2005 முதல் 2011 வரை 2,260 பேரைச் சேர்த்த யூராமோஸ் ஆய்வு இதைத்தான் கேட்டது. 2016இல் பதில் வந்தது. ஐஃபொஸ்ஃபமைடும் எட்டொபொசைடும் கூட்டிக் கொடுத்ததில் பக்கவிளைவு கூடியதே தவிர நோய் திரும்புவது குறையவில்லை. முன்கூட்டியே சொல்ல முடிகிறது, ஆனால் மாற்ற முடியவில்லை. மரபணுக் குறிகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் இடம் இதுதான். ஒரு குறி சரியாகவே கணித்தாலும், அந்தக் கணிப்பைக் கேட்டு வைத்தியர் செய்யக்கூடியது எதுவும் இல்லையென்றால், பெற்றோரின் கையில் மிஞ்சுவது பயம் மட்டுமே.

இனி வாக்குறுதி தந்து கைவிட்ட குறிகளின் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று விளம்பரத்தில் வரும் புதிய குறிகளும் இதே பாதையில்தான் வருகின்றன.

1995இல் இத்தாலியின் பொலோனா நகரத்து ரிஸ்ஸோலி நிலையத்தார் 92 நோயாளிகளின் கட்டிகளில் பி-கிளைகோபுரதத்தைத் தேடினார்கள். மருந்தைக் கலத்துக்கு வெளியே தள்ளிவிடும் புரதம் அது. அது கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. காரணமும் விளங்கியது, எண்ணும் பொருந்தியது, உலகின் முதன்மையான மருத்துவ இதழில் வெளிவந்தது. மற்ற நாட்டவர்கள் தங்கள் நோயாளிகளிடம் பார்த்தபோது சிலருக்குப் பொருந்தியது, சிலருக்குப் பொருந்தவில்லை. இத்தாலியர்கள் விடவில்லை. பி-கிளைகோபுரதம் உள்ளவர்களுக்கு மிஃபமுர்டைட் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வை 2022இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய விடாமுயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு என்பதால், பலன் மருந்தினாலா வேறெதனாலா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

1999இல் நியூயோர்க்கிலிருந்து இன்னொன்று வந்தது. மார்பகப் புற்றில் பெயர்பெற்ற ஹெர்2, 53 ஒஸ்டியோசார்கோமா நோயாளிகளில் கணிசமானோரிடம் கூடியிருந்தது. அவர்களுக்கு விளைவும் மோசமாக இருந்தது. மார்பகப் புற்றில் ஹெர்2ஐத் தாக்கும் டிராஸ்டுஸுமாப் மருந்து ஏற்கெனவே கைவசம் இருந்ததால் நம்பிக்கை பெருகியது. பிற ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. கட்டி பரவியவர்களுக்கு அந்த மருந்தைக் கீமோவோடு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை.

யூவிங் சார்கோமாவின் கதை இன்னும் கூர்மையானது. 1992இல் பாரிஸில் ஒலிவியே டெலாத்ர் குழுவினர் இந்தக் கட்டியின் அடிப்படைக் கோளாறைக் கண்டுபிடித்தார்கள். 11ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் ஈடபிள்யூஎஸ்ஆர்1, எஃப்எல்ஐ1 என்ற இரண்டு மரபணுக்கள் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. பத்தில் எட்டுக்கு மேற்பட்ட யூவிங் கட்டிகளில் இந்த இணைப்பு இருக்கிறது. இணையும் இடம் எல்லோரிலும் ஒன்றல்ல. முதலாம் வகை இணைப்பு உள்ளவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று 1990களின் பிற்பகுதியில் வந்த ஆய்வுகள் காட்டின. பத்தாண்டுக்கு மேல் அது பாடநூலிலும் இருந்தது. 2010இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தனித்தனியே, முன்கூட்டித் திட்டமிட்டுப் பெரிய எண்ணிக்கையில் செய்த இரண்டு ஆய்வுகள் வெளியாகின. வகைக்கு வகை வேறுபாடே இல்லை. இடையில் கீமோ மேம்பட்டிருந்ததும் காரணமாக இருக்கலாம். மருந்து மாறினால் குறியின் பொருளும் மாறிவிடும்.

ஏன் இப்படித் திரும்பத் திரும்ப நடக்கிறது? நோயாளிகள் குறைவு என்பதால் ஐம்பது, நூறு பேரை வைத்தே ஆய்வு நடக்கிறது. நூறு குறிகளைச் சோதித்தால், எதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், வழக்கமான புள்ளியியல் எல்லையை ஐந்து குறிகள் தற்செயலாகத் தாண்டிவிடும். அந்த ஐந்தும் இதழில் வரும். மீதி 95 யாருடைய மேசை லாச்சியிலோ கிடக்கும். கூடுதல், குறைவு என்று பிரிக்கும் எல்லைக்கோட்டையும் விடை தெரிந்த பிறகே போடுகிறார்கள். இதில் யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. அரிய நோயை ஆராய்வதில் உள்ள இயல்பான பொறி இது. தப்ப ஒரே வழி, ஒருவர் கண்டதை வேறொருவர் வேறு நோயாளிகளிடம் மறுபடி பார்ப்பது. ஒரு பரிசோதனையை வாங்கச் சொல்லும் எவரிடமும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, இதை வேறு யார் வேறு எங்கே உறுதிப்படுத்தினார்கள் என்பதைத்தான்.

ஒஸ்டியோசார்கோமா மரபணு ஆய்வாளர்களுக்கு ஏன் இவ்வளவு சிரமம் கொடுக்கிறது என்பதும் இப்போது ஓரளவு விளங்குகிறது. யூவிங் போல அதற்கு ஒரே ஒரு கையெழுத்து இல்லை. 2011இல் கேம்பிரிட்ஜ் அருகே சாங்கர் நிலையத்தார் ஒரு விசித்திரத்தை விவரித்தார்கள். பிங்கான் கோப்பை விழுந்து நொறுங்கியதைக் கண்டபடி ஒட்டிவைத்தது போல, ஒரு நிறமூர்த்தம் ஒரே அடியில் சிதறி மறுபடி தாறுமாறாக ஒட்டிக்கொள்கிறது. அந்த ஆய்வில் மற்ற புற்றுகளில் அபூர்வமாகக் காணப்பட்ட இது எலும்புப் புற்றில் அடிக்கடி தெரிந்தது. கலத்தின் காவலன் எனப்படும் டிபி53 மரபணு பெரும்பாலான ஒஸ்டியோசார்கோமாவில் கெட்டிருக்கிறது. அவற்றில் பலவற்றில் வழக்கமான எழுத்துப்பிழையாக அல்ல, மரபணுவே நடுவில் முறிந்து இடம் மாறியிருக்கிறது என்பதை 2014இல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையார் காட்டினார்கள். எழுத்துப்பிழைகளை மட்டும் தேடும் மலிவான மரபணுப் பட்டியல் பரிசோதனை இந்த முறிவைத் தவறவிடக்கூடும். பணம் கட்டிய குடும்பத்துக்கு "டிபி53 சரியாக இருக்கிறது" என்ற அறிக்கை வந்து சேரும்.

2025 ஜனவரியில் வெளியான லண்டன், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களின் வேலை என் கவனத்தை அதிகம் ஈர்த்தது. பேராசிரியர் ஏட்ரியன் ஃபிளானகன் இதில் முக்கியமானவர். உயர்தர ஒஸ்டியோசார்கோமாவில் ஏறத்தாழ பாதியில் இந்தச் சிதறல் ஒரு குறிப்பிட்ட விதத்தில், டிபி53 முறிவோடு பின்னிப் பிணைந்து நடக்கிறது என்று கண்டார்கள். அதைவிட நம் கேள்விக்கு நெருக்கமானது அவர்கள் கண்ட மற்ற விஷயம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்குள்ள இரட்டைப் பிரதிகளில், ஒன்றை இழந்த பகுதிகள் மரபணுத் தொகுதி முழுவதிலும் எவ்வளவு என்று அளந்தார்கள். அந்த இழப்பின் அளவுக்கும் நோயாளி தப்புவதற்கும் வலுவான தொடர்பு இருந்தது. ஒற்றை மரபணுவைத் துரத்துவதை விட்டு, சேதத்தின் மொத்தக் கணக்கைப் பார்ப்பது சரியான திசை என்றே நினைக்கிறேன். சிகிச்சைக்கு முன்பே திட்டமிட்ட ஆய்வில் இது நிற்குமா என்பது இனித்தான் தெரியும்.

இரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ. இன்னொரு நம்பிக்கை. 2018இல் வட அமெரிக்கச் சிறுவர் புற்றுநோய்க் குழுவினர், சிகிச்சை தொடங்கும்போது எடுத்த இரத்தத்தைப் பார்த்தார்கள். யூவிங் நோயாளிகளில் 53 சதவீதத்தினரிடமும் ஒஸ்டியோசார்கோமா நோயாளிகளில் 57 சதவீதத்தினரிடமும் கட்டியின் டி.என்.ஏ. தெரிந்தது. தெரிந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்புக் கூடியிருந்தது. எலும்பை மறுபடி துளைக்காமல் மருந்து வேலை செய்கிறதா என்று மாதாமாதம் பார்க்கலாம் என்பதே இதன் கவர்ச்சி. பத்து வாரம் காத்திருந்து வாளால் அறுத்துப் பார்ப்பதற்குப் பதில் மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டால், அறுவைக்கு முன்பே திட்டத்தை மாற்றிப் பார்க்க ஓர் இடம் பிறக்கும்.

யூவிங்கில் 2014இல் ஒரே ஆண்டில் பல குழுக்கள் ஸ்டாக்2 என்ற மரபணு சிலரிடம் கெட்டிருப்பதைக் கண்டன. ஸ்டாக்2, டிபி53 இரண்டும் சேர்ந்து கெட்டவர்களின் நிலை மிக மோசம் என்று பிரான்ஸிலிருந்து வந்த ஆய்வு சொன்னது. 2022இல் வெளியான வட அமெரிக்க ஆய்வும் ஸ்டாக்2 புரதம் இல்லாத கட்டிகள் அதிகம் திரும்புவதை உறுதிப்படுத்தியது. டிபி53இன் தனிப் பங்கு அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. ஸ்டாக்2 புரதம் இருக்கிறதா என்று பார்க்க மரபணு வரிசையாக்கம் தேவையில்லை, திசுவுக்குச் சாயமூட்டியே பார்க்கலாம். கொழும்பு ஆய்வுகூடங்களுக்கு எட்டக்கூடிய ஒரு குறி இருக்குமென்றால் முதலில் நான் காட்டுவது இதைத்தான்.

கட்டியின் வகையைச் சொல்வதில் மரபணுவின் திறமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அதில் சர்ச்சை இல்லை. யூவிங் இணைப்புத் தெரிந்தால் அது யூவிங். இராட்சதக் கலக் கட்டியில் ஹிஸ்டோன் மரபணு ஒன்றின் குறிப்பிட்ட பிழை பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவர்களிடம் உண்டு. எம்டிஎம்2 பெருகியிருந்தால், சாதாரண நார்க் கட்டி போலத் தோன்றுவது உண்மையில் மெதுவாக வளரும் ஒஸ்டியோசார்கோமா. குருத்தெலும்புப் புற்றில் ஐடிஎச் பிழைகள். பெயர் தவறினால் மருந்தும் அறுவையும் தவறும் என்பதால் இந்தப் பரிசோதனைகள் கொடுத்த காசுக்கு முழு மதிப்பு.

குடும்பத்தைப் பற்றிய கேள்வி வேறு வகை. 1986இல் ஆர்பி1 மரபணுவைக் கண்டுபிடித்தபோது ஆய்வாளர்கள் அதைக் கண் புற்றுக்கும் ஒஸ்டியோசார்கோமாவுக்கும் பொதுவான மரபணுவாகவே அறிவித்தார்கள். குழந்தைப் பருவத்தில் பரம்பரைக் கண் புற்றிலிருந்து மீண்ட பிள்ளைக்குப் பதின்ம வயதில் எலும்புப் புற்று வரும் ஆபத்து மற்றவர்களை விடப் பல மடங்கு. 1969இல் லீயும் ஃப்ரௌமெனியும் விவரித்த குடும்பங்களில் எலும்புப் புற்று, இளவயது மார்பகப் புற்று, மூளைக் கட்டி எல்லாம் ஒரே வீட்டில் வந்தன. அதற்கு டிபி53 காரணம் என்று 1990இல் தெரிந்தது. 2020இல் 1,244 ஒஸ்டியோசார்கோமா நோயாளிகளைப் பார்த்த அமெரிக்கத் தலைமையிலான ஆய்வில், நான்கில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு புற்று மரபணுவில் பிறவிக் கோளாறு இருந்தது. அவற்றில் எல்லாமே இந்தப் புற்றுக்குக் காரணம் என்று கொள்ள முடியாது. ஆனாலும் குடும்பத்தில் வேறு யாருக்கு இளவயதில் புற்று வந்தது என்று எல்லோரிடமும் கேட்டேயாக வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம்.

கேட்பது நம்மவரிடம் லேசல்ல. வீட்டில் புற்று என்றால் பெண்பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போது கதை வரும் என்று பயந்து, அத்தைக்கு வந்தது "வயிற்றுக் கட்டி", சித்தப்பாவுக்கு வந்தது "தலைக்குள் நீர்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பயத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. அதற்குப் பின்னால் உண்மையான இழப்புகள் இருக்கின்றன. ஆனால் டிபி53 பிழை உள்ள அக்காவுக்கு மார்பக ஸ்கேன் இருபதுகளிலேயே தொடங்க வேண்டும், தேவையற்ற கதிரியக்கத்தைத் தவிர்க்க வேண்டும். இங்கே மரபணு சொல்வதைக் கேட்டுச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. கின்சி வீதியில் உள்ள கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983இலிருந்து இயங்குகிறது. இந்தத் தகவலைப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் முறையாக எடுத்துச் சொல்லப் பயின்றவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். தனியார் ஆய்வுகூடத்தின் மூடிய உறைக்குள் வரும் தாளை வீட்டில் பிரித்துப் படிப்பதைவிட அவர்களிடம் போவது நல்லது.

மேலே சொன்ன எண்கள் எதுவும் நம்மைப் பற்றியவை அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒஸ்டியோசார்கோமா யாருக்கு வருகிறது என்று 2013இல் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசிய ஆய்வில் இருந்த 941 நோயாளிகளும் ஐரோப்பிய வம்சத்தவர். உலக மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டம் 2015இல் முடிந்தபோது அதில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருந்தார்கள். அந்த 26இல் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். நூறு பேரளவில் கொடுத்த இரத்தம் இன்று உலகத்து ஆய்வாளர்கள் எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணையில் இருக்கிறது என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அவர்கள் நலமானவர்கள். எலும்புப் புற்று வந்த தமிழ்ப் பிள்ளைகளின் கட்டிகளைப் பற்றிய அப்படி ஒரு தொகுப்பு இல்லை. யூவிங் சார்கோமா ஐரோப்பியர்களிடம் கூடுதலாகவும் ஆபிரிக்க வம்சத்தவரிடம் மிக அரிதாகவும் வருவதற்கே பிறவி மரபணு வேறுபாடு ஒரு காரணம் என்று தெரிந்திருக்கும்போது, வேறோர் இனத்தில் கண்ட குறியை அப்படியே நம் பிள்ளைகள்மேல் பொருத்துவது முறையல்ல.

மருந்தும் வேறு. மேற்கத்திய ஆய்வுகளில் பெரும்பாலானவை உயர் அளவு மெதொட்ரெக்ஸேட் பெற்றவர்களைப் பற்றியவை. அந்த மருந்தைக் கொடுத்தால் இரத்தத்தில் அதன் அளவை உரிய நேரங்களில் அளந்து அதன் நச்சை முறிக்கும் மருந்து கொடுக்க வேண்டும், தவறினால் சிறுநீரகம் போய்விடும். வசதியும் செலவும் பார்த்து இந்தியாவில் பல இடங்களில் அதைத் தவிர்க்கிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை டொக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், ஐஃபொஸ்ஃபமைடை வைத்துத் தனக்கென ஒரு முறையை வகுத்துப் பயன்படுத்துகிறது. மெதொட்ரெக்ஸேட் பெற்றவர்களிடம் கண்ட குறி அது பெறாதவர்களிடம் பலிக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? யூவிங் இணைப்பு வகையின் கதையை இங்கே மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கொழும்பில் ஒரு பிள்ளையின் விளைவை இன்று எது தீர்மானிக்கிறது? பெரும்பகுதி, காலமும் முதல் பயொப்ஸியும். முழங்கால் நோவை வளர்கிற வலி என்றும் கிரிக்கெட்டில் பட்ட அடி என்றும் எண்ணி எண்ணெய் பூசி, முறிவு வைத்தியரிடம் கட்டுப் போட்டு மாதங்கள் போகின்றன. இரவில் எழுப்பும் வலி, ஓய்விலும் குறையாத வலி, கையால் தொட்டால் தெரியும் வீக்கம் இருந்தால் ஒரு சாதாரண எக்ஸ்ரே அன்றே எடுக்க வேண்டும். பயொப்ஸியை, பின்னால் கட்டியை அகற்றப்போகும் சத்திரசிகிச்சை நிபுணரே திட்டமிட வேண்டும். அமெரிக்காவில் ஹென்றி மான்கின் 1982இலும் 1996இலும் இதை ஆராய்ந்தார். சிகிச்சை செய்யும் நிலையத்துக்கு வெளியே பயொப்ஸி எடுத்தால் தவறுகளும் சிக்கல்களும் இரண்டு முதல் பன்னிரண்டு மடங்கு கூடின. தவறான இடத்தில் விழுந்த ஊசித் துளை காப்பாற்றியிருக்கக்கூடிய காலை இழக்கச் செய்யும்.

நம் பிள்ளைகளின் கட்டித் தொகுப்பு இல்லாத குறையைத் தீர்க்கவும் வழி உண்டு. இந்த நாட்டு மக்கள் புற்றுநோய்க்காகக் கொடுக்கத் தயங்காதவர்கள். 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. 2016இல் மஹரகமவுக்கு பெட் ஸ்கேனர் வாங்க கதீஜா மன்றம் இருபது கோடி ரூபாய் கேட்டபோது, பள்ளிப் பிள்ளைகள் முதல் எல்லோரும் கொடுத்தார்கள். அடுத்த முறை அப்படி ஒரு கை நீளும்போது, எலும்புப் புற்றுக் கட்டிகளை முறையாகச் சேமிக்கும் ஒரு திசு வங்கியையும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். ஆழ்குளிர்ப் பெட்டி, ஒழுங்கான பதிவேடு, பெற்றோரின் சம்மதக் கையெழுத்து, அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்.

இதற்கிடையில் ஒவ்வொரு குடும்பமும் கேட்டுக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. எலும்புத் துண்டு கல் போலக் கடினமானது. மெல்லிய சீவலாக வெட்டுவதற்கு முன் அதிலுள்ள கல்சியத்தைக் கரைக்க வேண்டும். அவசரத்துக்கு நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் போன்ற வலிய அமிலத்தில் போட்டால் விரைவில் இளகிவிடும், கூடவே டி.என்.ஏ.யும் சிதைந்துவிடும். நுணுக்குக்காட்டியில் கட்டி தெளிவாகத் தெரியும், அறிக்கையும் சரியாக வரும். ஆனால் ஓர் ஆண்டு கழித்து, அந்தத் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை மரபணுப் பரிசோதனைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால், மாதிரி பரிசோதனைக்கு உகந்ததல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஈ.டி.டி.ஏ. கரைசலில் போட்டால் நாட்கள், சிலவேளை வாரங்கள் ஆகும், டி.என்.ஏ. பிழைத்துக்கொள்ளும். பல கட்டிகளில் எலும்பை விட்டு வெளியே தசைப்பக்கம் வளர்ந்த மென்மையான பகுதி இருக்கும். அதிலிருந்து ஒரு சிறு துண்டைக் கல்சியம் நீக்காமலே தனி மெழுகுக் கட்டியாக வைத்துக்கொள்ள முடியும். கீமோ தொடங்கிய பிறகு அதே கட்டி அதே நிலையில் மறுபடி கிடைக்காது. ஆகவே பயொப்ஸிக்குக் கையெழுத்துப் போடும் நேரத்திலேயே வைத்தியரிடம் கேளுங்கள்: "ஒரு துண்டை அமிலத்தில் போடாமல் எடுத்து வைக்க ஏலுமா, டொக்டர்?"